எடை எங்கே இருக்க வேண்டும்? கார்வெட் சி8 வடிவமைப்பை முன்வைத்து நடு எஞ்சின் அமைப்பு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1953 முதல் தயாரித்துவரும் செவ்ரோலே கார்வெட், ஏழு தலைமுறைகளாக எஞ்சினை ஓட்டுநருக்கு முன்னாலேயே சுமந்தது. 2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில் அறிமுகமான எட்டாம் தலைமுறையில் (சி8), எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னும் இடம்பெயர்ந்தது. கார்வெட்டின் பொறியாளர் சோரா ஆர்க்கஸ் டன்டோவ் 1960இலேயே ‘செர்வ் 1’ என்ற நடு எஞ்சின் சோதனை வண்டியை உருவாக்கிவிட்டார். அந்த எண்ணம் விற்பனைக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின.

நடு எஞ்சின் அமைப்புக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. எடை இரு அச்சுகளிலும் சமமாக விழும் என்பது ஒன்று. ஐரோப்பியப் பந்தயக் கார்களின் பெருமையும் தோற்றமும் கிடைக்கும் என்பது மற்றொன்று. சி8ஐப் பொறுத்தவரை முதற்காரணம் உண்மைக்கு மாறானது. இரண்டாவது உண்மையாகவே இருந்தாலும், வண்டியின் இயக்கத்தை அது விளக்காது. இயக்கும் சக்கரங்களின் மேல் விழும் எடை, வண்டி திரும்புவதை எதிர்க்கும் நிலைமம், விடுபட்ட இடத்தின் பயன் ஆகிய மூன்றுமே இந்த மாற்றத்தின் அடிப்படைகள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. சமப் பங்கீடு போதுமானதா?

1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை முதல், கார்வெட்டின் எஞ்சின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின் அச்சையொட்டியும் வைக்கப்பட்டன. ஒரு நீண்ட குழல் இரண்டையும் இணைத்தது. இந்த ஏற்பாட்டால் ஏழாம் தலைமுறை (சி7) ஏறத்தாழ சரிபாதி எடைப் பங்கீட்டை எட்டிவிட்டது. சி8இலோ முன் அச்சில் சுமார் 40 விழுக்காடும் பின் அச்சில் சுமார் 60 விழுக்காடும் விழுகின்றன. சமநிலைதான் இலக்கு என்றால், பொறியாளர்கள் கையிலிருந்த சமநிலையைப் பெரும் செலவில் கைவிட்டிருக்கிறார்கள் என்றாகும். ஆகவே அவர்கள் தேடியது வேறொன்று.

பின் சக்கரங்கள் இயக்கும் காரில், சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டயரின் உராய்வுக் குணகத்தை அந்தச் சக்கரங்களின் மேலுள்ள எடையால் பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும். முடுக்கத்தின்போது எடை பின்னோக்கி நகர்வதால் வரம்பு சற்றுக் கூடும். அந்த நகர்வை நிறை மையத்தின் உயரமும் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமும் தீர்மானிக்கின்றன. இவையும் டயரும் மாறாதிருக்கையில், பிடிப்பு அனுமதிக்கும் பெரும முடுக்கம் பின் அச்சின் நிலையான எடைப் பங்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பங்கு 50இலிருந்து 60ஆக உயர்ந்தால், பெரும முடுக்கமும் ஐந்தில் ஒரு பங்கு உயரும். எஞ்சினின் திறனைக் கூட்டி இந்த ஆதாயத்தைப் பெற இயலாது. வரம்பைத் தாண்டிய திறன் டயரை வீணே சுழற்றிப் புகையாக்குவதோடு நின்றுவிடும்.

3. சான்று: இரண்டு கார்வெட்டுகள்

இக்கணக்கைச் சோதிக்க அந்நிறுவனமே வெளியிட்ட அளவீடுகள் உதவுகின்றன. சி7இன் உச்ச வடிவமான 2019ஆம் ஆண்டின் இசட்ஆர்1 755 குதிரைத்திறன் கொண்டது. அது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 2.85 நொடியில் எட்டியது. சி8இன் அடிப்படை மாதிரி, இசட்51 எனப்படும் செயல்திறன் தொகுப்புடன், 495 குதிரைத்திறனில் அதே வேகத்தை 2.9 நொடியில் எட்டியது. 260 குதிரைத்திறன் கூடுதலாக இருந்தும், 335 மி.மீ. அகலப் பின் டயர்கள் இருந்தும், முன் எஞ்சின் வண்டிக்குக் கிடைத்த முந்துதல் நொடியின் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. சி8இன் பின் டயர் அகலம் 305 மி.மீ.தான்.

சி8இன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸே இதற்குக் காரணம் என்று மறுக்கலாம். அதன் பங்கு சிறிதன்று. ஆயினும் கால் மைல் தூர அளவீடு இந்த மறுப்பின் எல்லையைக் காட்டுகிறது. அங்கே இசட்ஆர்1 10.6 நொடியில், மணிக்கு 134 மைல் வேகத்தோடு முடிக்கிறது, சி8 11.2 நொடியில், 121 மைல் வேகத்தோடு முடிக்கிறது. வேகம் கூடிப் பிடிப்பு பிரச்சினையாக இல்லாத கட்டத்தில், பழைய வண்டி தன் திறன் முழுவதையும் காட்டிவிடுகிறது. தொடக்கத்தில் அதைத் தடுத்தது பின் சக்கரங்களின் பிடிப்புக் குறைவே. கியர் மாறும் வேகம் முதன்மைக் காரணமாக இருந்திருந்தால் அந்தப் பின்னடைவு பின்னரும் தொடர்ந்திருக்கும். முன் எஞ்சின் கார்வெட் தன் அமைப்பின் எல்லையை எட்டிவிட்டது என்பதை இந்த எண்கள் உறுதிசெய்கின்றன.

4. திரும்பும் தன்மை

நேர்கோட்டு ஓட்டத்தைவிட வளைவில்தான் விளையாட்டுக் காரின் குணம் தெரியும். செங்குத்து அச்சைச் சுற்றி வண்டி திரும்புவதை எதிர்ப்பது அதன் நிலைமத் திருப்புத்திறன். மையத்திலிருந்து ஒரு நிறை எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப எதிர்ப்பு கூடும். சி7இன் ஏற்பாடு காவடித் தண்டின் இரு முனையிலும் சுமை கட்டியது போன்றது: தோளில் சமமாக நிற்கும், ஆனால் சட்டென்று திரும்ப விடாது. சி8இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக வந்துவிட்டன. ஓட்டுநர் இருக்கையும் சுமார் 42 செ.மீ. முன்னேறி, நிறை மையத்துக்கு அருகே வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் அச்சுக்கு அருகிலேயே ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார்.

இதே குணம் ஆபத்தையும் தரும். எளிதில் திரும்பும் வண்டி, பின்புறம் வழுக்கத் தொடங்கினால் எளிதில் சுழலவும் செய்யும். இதற்கு ஈடாக முன்னால் 245 மி.மீ., பின்னால் 305 மி.மீ. என டயர் அகலத்தை வேறுபடுத்தியிருக்கிறார்கள். மின்னணு நிலைப்படுத்தலும் துணை நிற்கிறது.

5. கொடுத்த விலை

எஞ்சினை நகர்த்தியதும் சுற்றியுள்ள ஒவ்வொன்றையும் மறுபடி சிந்திக்க வேண்டியதாயிற்று. முதலில் வெப்பம். ரேடியேட்டர்கள் முன்னால் இருக்க, குளிர்நீர் வண்டியின் நீளம் முழுக்க ஓட வேண்டும். இசட்51 தொகுப்பில் பக்கவாட்டுக் காற்றுவாய்க்குள் மூன்றாவது ரேடியேட்டர் ஒன்று சேர்க்கப்பட்டது. அடுத்தது உயரம். எஞ்சின் உயர்ந்தால் பின்பார்வை மறையும், நிறை மையமும் ஏறும். கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலையில் இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் 6.2 லிட்டர் புஷ்ராட் வி8 எஞ்சின் இங்கே பெரிதும் உதவியது. பழமையானது என்று விமர்சிக்கப்பட்ட அந்த வடிவமே எஞ்சினைக் குட்டையாக வைத்திருக்கிறது. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் முறை அதை மேலும் தாழ்த்தியதோடு, கடும் வளைவுகளில் எண்ணெய் வற்றாமலும் காக்கிறது.

மூன்றாவது உடற்கட்டமைப்பு. எஞ்சினிலிருந்து பின்னோக்கி ஓடிய குழல் தேவையற்றுப் போனதால், நடுச் சுரங்கம் முழுவதும் வண்டியின் முதுகெலும்பாயிற்று. இண்டியானாவின் பெட்ஃபோர்டு ஆலையில் வார்க்கப்படும் ஆறு பெரிய அலுமினிய வார்ப்புகள் சட்டகத்தின் முக்கிய இணைப்புகளாக அமைந்தன. வலிமை நடுவில் குவிந்ததால் கதவடிப் பக்கச் சுவர்கள் தாழ்ந்தன. ஏறி இறங்குவது எளிதாயிற்று. கூரையைக் கழற்றினாலும் விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. பல பத்தாண்டுகள் கார்வெட்டின் அடையாளமாயிருந்த குறுக்குவாட்டு லீஃப் ஸ்பிரிங் நீங்கி, காயில் ஸ்பிரிங் வந்தது.

இழப்பும் உண்டு. கிளட்ச் மிதியுடன் கூடிய கையியக்க கியர் சி8இல் இல்லவே இல்லை. ஓட்டுவதைக் கைவினையாக நேசிப்பவர்களுக்கு இது மெய்யான இழப்பு. கணக்கில் கிடைத்த ஆதாயம் அதை ஈடுசெய்ததாகச் சொல்லிவிட முடியாது.

6. விடுபட்ட இடம்

நடு எஞ்சின் அமைப்பின் மூன்றாவது பயன் அடுத்தடுத்த மாதிரிகளில்தான் வெளிப்பட்டது. 2023இல் வெளியான இ-ரே மாதிரியில், எஞ்சின் இல்லாத முன்பகுதியில் முன் சக்கரங்களை இயக்கும் 160 குதிரைத்திறன் மின்மோட்டார் அமர்ந்தது; 1.9 கிலோவாட் மணி மின்கலம் நடுச் சுரங்கத்தில் அடங்கியது. விற்பனைக்கு வந்த கார்வெட் ஒன்று முதன்முறையாக நான்கு சக்கரங்களாலும் இயங்கியது. பழைய அமைப்பில் முன்பக்கத்தை எஞ்சினும் சுரங்கத்தைக் குழலும் நிரப்பியிருந்ததால், இதற்கு இடமே இருந்திருக்காது. சி8 வரிசையில் வந்த 2025இன் இசட்ஆர்1, 1,064 குதிரைத்திறனைப் பின் சக்கரங்களால் மட்டுமே சாலைக்குக் கடத்துவதும் பின் அச்சின் எடையை நம்பியே.

7. முடிவு

ஒரு விளையாட்டுக் காரின் வடிவமைப்பை எடைப் பங்கீட்டின் இரு எண்களால் மதிப்பிடுவது போதாது. எடை எந்தச் சக்கரத்தை அழுத்துகிறது, மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது விட்டுச்சென்ற இடத்தில் என்ன அமைகிறது ஆகிய மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். சி8 விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 60,000 டாலருக்குள் இருந்தது. டொயோட்டா எம்ஆர்2 போன்ற மலிவான நடு எஞ்சின் கார்கள் முன்பே இருந்தன. அவை முன் சக்கர இயக்கக் கார்களின் எஞ்சின் தொகுதியை அப்படியே பின்னால் பொருத்தியவை. நீளவாட்டில் அமர்ந்த பெரிய வி8 எஞ்சினுக்குத் தனிக் கியர்பாக்ஸும் தனிச் சட்டகமும் உருவாக்கி, அதைப் பெருந்திரள் உற்பத்தியின் விலைக்குள் கொண்டுவந்தது கார்வெட் பொறியாளர்களும் கெண்டக்கியின் பவுலிங் கிரீன் ஆலையும் சேர்ந்து செய்த சாதனை. இந்த அமைப்பு செல்வந்தர்களுக்கான அலங்காரம் என்ற கருத்தை இந்த வண்டி பொறியியல் அடிப்படையிலேயே மறுத்துவிட்டது.