குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை

மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற குறும்பாதை ரயில் இது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர். 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் சிறு நீராவி எஞ்சின்கள் ஓடும் ரயில்பாதையாக மாறி, 1924 ஜூலை மாத வெள்ளத்தில் அழிந்தது. பாதை கிடந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்து மலையில். ஆனால் அதில் வந்த சரக்கு இறங்கியது கிழக்கே, போடிநாயக்கனூர் பக்கம். ஆகவே தேனி மாவட்டத்தின் போக்குவரத்து வரலாற்றை எழுதும்போது இந்தச் சின்ன ரயிலை விட்டுவிட முடியாது. ஓடைப்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் ஊர்களிலிருந்து பார்த்தால் எந்நேரமும் கண்ணில் படுகிற மேற்குமலைத் தொடருக்குள், இங்குள்ள சமவெளிக்கு ரயில் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒரு பாதை இயங்கியது என்பது இன்று இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அகலமும் செலவும்

உலக வழக்கில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள எல்லாமே குறும்பாதைதான். இந்திய வழக்கு வேறு. இங்கே 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ், அதற்கும் கீழே உள்ள 762, 610 மில்லிமீட்டர் பாதைகள் மட்டுமே நேரோ கேஜ். உலகக் கணக்குப்படி பழைய மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலும் குறும்பாதையே. நம் ஊர்க்காரர் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை.

அகலத்தைக் குறைப்பதால் கிடைக்கும் லாபம் மலையில்தான் முழுதாகத் தெரியும். அகலப்பாதை திரும்புவதற்குப் பெரிய வட்டம் வேண்டும். அதற்குப் பாறையை உடைக்க வேண்டும், பள்ளத்தை நிரப்ப வேண்டும், குகை குடைய வேண்டும். இரண்டடிப் பாதையோ மலையின் மடிப்பை ஒட்டியே வளைந்து போய்விடும். டார்ஜிலிங் பாதையில் ஏறத்தாழ 18 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டுமனைக்குள் ரயில் திரும்புவது போன்ற வளைவு அது. தண்டவாளம் இலேசாக இருக்கலாம், பாலம் ஒடுக்கமாக இருக்கலாம், மண்வேலை குறையும். விலை என்னவென்றால், சுமை குறைவு, வேகம் குறைவு, அகலப்பாதையைச் சந்திக்கும் இடத்தில் எல்லாச் சரக்கையும் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும்.

வேல்ஸ் நாட்டில் கற்பலகை ஏற்றிச் செல்ல 1836-இல் திறந்த பெஸ்டினியாக் பாதைதான் இந்த வகைக்கு வழிகாட்டி. இறக்கத்தில் வண்டிகள் தாமாகவே உருண்டு வரும், காலிவண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும். இவ்வளவு ஒடுங்கிய பாதையில் நீராவி எஞ்சின் ஓடாது என்று நம்பப்பட்ட காலத்தில், 1863-இல் அங்கே எஞ்சின்களை ஓட்டிக் காட்டினார்கள். இந்தியாவில் அதற்கு ஓராண்டு முன்பே, 1862-இல், பரோடா சமஸ்தானம் தபோய்க்கும் மியாகாமுக்கும் இடையே 762 மில்லிமீட்டர் பாதை போட்டது. அதில் முதலில் இழுத்தவையும் மாடுகளே. 1881-இல் முடிந்த டார்ஜிலிங் பாதைதான் இரண்டடி அகலத்தில் இமயமலையே ஏறலாம் என்று தேயிலைத் தோட்ட முதலாளிகளுக்குக் காட்டியது.

தமிழ்நாட்டுச் சமவெளியிலும் நேரோ கேஜ் ஓடியிருக்கிறது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தருமபுரி பாதைகள் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் 762 மில்லிமீட்டர் அகலத்தில் திறக்கப்பட்டன. இரண்டாவது பாதை பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குள் இரண்டுமே இல்லாமல் போயின.

மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம்

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன்தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. காடு தேயிலைத் தோட்டமாகிவிட்டது. விளைந்ததை வெளியே கொண்டுபோக வழி சரியாக இல்லை. மேற்கே ஆலுவா பக்கம் நீண்ட காட்டுவழி. கிழக்கே மலை செங்குத்தாக விழுகிறது. அடியில் போடி. அங்கிருந்து மாட்டுவண்டி போகத் தரை இருந்தது. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களில் பலவும் கங்காணிகளின் பின்னால் இந்தக் கிழக்குச் சரிவின் வழியாகத்தான் நடந்து ஏறின.

1902-இல் போடப்பட்டது யூயிங் முறை ஒற்றைத் தண்டவாளம். அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாலையின் ஒரு ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம் கிடக்கும். வண்டியின் அடியில், முன்னும் பின்னுமாக, இரண்டு விளிம்பும் உள்ள இரும்புச் சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தைக் கவ்வி நிற்கும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு கை நீட்டியதுபோல ஒரு சட்டம், அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம். அது சாலைமேல் உருளும். பாரத்தின் பெரும்பங்கு தண்டவாளத்தின் மேல். மீதிச் சிறுபங்கைத் தாங்கிக்கொண்டு வண்டி சாயாமல் பார்ப்பது சாலைச் சக்கரத்தின் வேலை. மாடு சாலையிலேயே நடக்கும். இரும்பின்மேல் உருளும் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு என்பதால், மண்சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை அதே மாடுகள் இழுத்தன. ஒரு தண்டவாளத்துக்கு ஆகும் இரும்பில் ரயிலின் பயனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. இதே முறையில் 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒரு பாதை அமைந்தது. அதன் நீராவி எஞ்சின் ஒன்று புதுடில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாற்று வண்டி எப்படி இருந்திருக்கும் என்று நேரில் உணர விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

தேயிலைத் தோட்டம் பெருகப் பெருக மாட்டின் வேகம் போதவில்லை. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை போட்டார்கள். மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகியவை நிலையங்கள். இன்றைய சாலைவழி மூணாறு–டாப் ஸ்டேஷன் தூரம் சுமார் 32 கிலோமீட்டர். பாதை முழுக்க மலையின் மேல்தளத்திலேயே ஓடியது, சமவெளியிலிருந்து ஏறவில்லை. ஆகவே நீலகிரி மலை ரயிலைப் போலப் பல்சக்கரம் தேவைப்படவில்லை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிமானமே போதும். சிறு எஞ்சினுக்கு அந்தப் பிடிமானம்தான் உயிர். பாய்லரும் தண்ணீரும் கரியும் சேர்ந்த எடை இயக்கும் சக்கரங்களின் மேல் அழுத்தினால்தான் சக்கரம் வழுக்காது. அதனாலேயே மலை எஞ்சின்கள் பலவற்றில் தண்ணீர்த்தொட்டி தனி வண்டியில் இல்லாமல் எஞ்சின்மேலேயே இருக்கும். டார்ஜிலிங்கின் பி வகை எஞ்சினில் அது பாய்லரின் முதுகில் சேணம் போலக் கிடக்கிறது. ஈரத் தண்டவாளத்தில் வழுக்காதிருக்க முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து மணல் தூவுவது அங்கே நெடுநாள் வழக்கம்.

கம்பிவடமும் மாட்டுவண்டியும்

டாப் ஸ்டேஷன் என்ற பெயரே இந்தப் போக்குவரத்தின் மிச்சம். ரயில் முடிந்த அந்த விளிம்பிலிருந்து கொட்டகுடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்தில் ரோப்வே இறங்கியது. மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிதான் பாட்டம் ஸ்டேஷன். ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கத்தை, அந்தச் சிறு எஞ்சின்களால் ஏறி இறங்க முடியாத சரிவை, தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கடந்தன. தோட்டத் தொழிலாளர் சோற்றுக்கான அரிசி இந்தப் பக்கத்திலிருந்து மேலே போனது.

கொட்டகுடியிலிருந்து போடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மாட்டுவண்டி. இங்கேதான் ஒரு தவறு வழிவழியாக எழுதப்பட்டு வருகிறது. தேயிலை போடியில் ரயிலேறியது என்று பயணக் கையேடுகள் சொல்கின்றன. குண்டளை ரயில் ஓடிய 1908 முதல் 1924 வரை போடியில் ரயிலே கிடையாது. அந்நாளில் இந்தப் பள்ளத்தாக்குக்கு அருகில் இருந்த ரயில் நிலையம் 1875-இல் திறந்த அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. போடியிலிருந்தும் மாட்டுவண்டி தொடர்ந்து அங்கே போக வேண்டும். பிறகு மீட்டர் கேஜில் மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம். ரயில், வடம், வண்டி, மீண்டும் ரயில், அப்புறம் கப்பல். ஒரு தேயிலைப் பெட்டியைக் கப்பல் தொடும்முன் எத்தனை பேர் தோளில் தூக்கி மாற்றியிருப்பார்கள்! அந்தச் சுமைக்காரர்களும் வண்டிக்காரர்களும் இல்லாமல் மலைமேல் ஓடிய எஞ்சினுக்கு வேலையே இல்லை. வரலாற்றில் எஞ்சினுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

1924 ஜூலையில் பெய்த மழையைக் கேரளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099. மலைகள் சரிந்தன, மூணாறு ஊர் மூழ்கியது, ஆலுவாச் சாலை அறுந்தது, தண்டவாளமும் பாலங்களும் போயின. ரயிலை மறுபடி போடவில்லை. மேற்கே புதுச்சாலை 1931-இல் திறந்தபின் சரக்கும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாக நிலைத்துவிட்டது.

போடிக்கு வந்த ரயில்

தென்னிந்திய ரயில்வே மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையை 1928-இல் திறந்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மலைப்பாதை அழிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், நடுவே 20 கிலோமீட்டர் மட்டுமே இடைவெளி என்ற நிலை ஒருநாளும் வரவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் இயங்கியிருந்தால் கிழக்குச் சரிவின் வணிகம் இவ்வளவு சீக்கிரம் மேற்கே போயிருக்காது என்றே தோன்றுகிறது.

கீழ்ப்பாதைக்கும் பாடு இருந்தது. போருக்கு இரும்பு வேண்டும் என்று 1942-இல் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில்தான் மறுபடி வண்டி வந்தது. ஏலக்காயும் பருத்தியும் பயணிகளுமாக அது 2010 டிசம்பர் முடிவு வரை ஓடியது. அகலப்பாதை வேலைக்காக நிறுத்தப்பட்டு, ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை ஆழமாக வெட்டி, 2022 மே 26 அன்று தேனி வரையும் 2023 ஜூன் 15 அன்று போடி வரையும் ரயில் திரும்பியது.

குண்டளையில் ஓடியது போன்ற மலை நீராவி எஞ்சினை இன்று உயிரோடு பார்க்க நமக்கு அருகில் உள்ள இடம் நீலகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் திறந்த மீட்டர் கேஜ் பாதை அது. கல்லாறு தாண்டியதும் 12.5-க்கு 1 என்ற ஏற்றம். நடுவில் பற்கள் கொண்ட தண்டவாளம். சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் வந்த எக்ஸ் வகை எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். சமதரையில் இரண்டு சிலிண்டர் வேலை செய்யும். பல்தண்டவாளம் தொடங்கியதும் அந்த நீராவியே இன்னும் இரண்டு சிலிண்டருக்குள் பாய்ந்து பல்சக்கரத்தைத் திருப்பும். ஓட்டுநர் பின்னால் இருப்பதால் முன்னே உள்ள பாதை அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடியசைத்துச் சேதி கடத்துவார். ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது எஞ்சினருகே போனால் சூட்டில் முகம் காயும். எண்ணெயும் ஆவியும் கலந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். இதற்கான புது எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையே கட்டிக் கொடுத்திருக்கிறது.

போடி நிலையத்தோடு தண்டவாளம் இன்றும் முடிந்துவிடுகிறது. உத்தமபாளையம், கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. ஓடைப்பட்டித் திராட்சை லாரியில் போகிறது. மேற்கே, குரங்கணிக்கும் கொட்டகுடிக்கும் மேலே, டாப் ஸ்டேஷன் விளிம்பில் சுற்றுலாப் பயணிகள் நின்று கம்பம் பள்ளத்தாக்கைப் படமெடுக்கிறார்கள்.