செடிக்கான விளக்கின் விலை: வில்விளக்கிலிருந்து 9 வாட் பல்பு வரை

எர்ணாகுளம் மாவட்டத்து மட்டாஞ்சேரியின் பழைய தெருக்களில் கட்டடங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பஜார் சாலையின் நறுமணப் பொருள் கிடங்குகளுக்கும் அவற்றை ஒட்டிய வீடுகளுக்கும் தெருப்பக்கமும் பின்பக்கமுமே பகலொளியின் வாயில்கள். நடுவறைகளுக்கு ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் தரும் வெளிச்சமே கதி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வெயில் புகாத அறைகள் ஏராளம். அத்தகைய அறையில் மண்ணின்றிச் சத்துக்கரைசலில் இலைக்காய்கறி வளர்க்க முனைவோர் கேட்கும் முதற்கேள்வி, ‘எந்த விளக்கு மலிவு?’ என்பதாகும். கடைவீதிக் கேள்வியாகத் தோன்றும் இதற்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் வரலாறு உள்ளது. ‘மலிவு’ என்ற சொல்லின் பொருள் அவ்வரலாற்றில் பலமுறை இடம் மாறியிருக்கிறது.

மின்னொளியில் பயிர் வளர்த்த தொடக்ககால முயற்சிகளுள் பெரிதும் அறியப்பட்டது சார்லஸ் வில்லியம் சீமென்ஸ் மேற்கொண்டதாகும். அவர் 1880இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்சில் இருந்த தம் தோட்டத்தில் வில்விளக்கின் ஒளியைச் செடிகள்மீது செலுத்தி, அதன் முடிவுகளை ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். மின்னொளியாலும் பச்சையம் உருவாகும், இரவிலும் ஒளி பெற்ற செடிகள் வளர்ச்சியைத் தொடரும் என்பன அவர் கண்டவை. மூடியில்லா வில்விளக்கு இலைகளைக் கருக்கியது. கண்ணாடி மூடியிட்டபோது அத்தீங்கு தணிந்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி இவ்வாய்வைத் தொடர்ந்தார். மின்னொளி பயிர்களை வளர்க்கும் என்பது இவ்வாறு 19ஆம் நூற்றாண்டிலேயே ஐயமறத் தெரிந்துவிட்டது. எனினும் விளக்குக்கென எந்திரமும் டைனமோவும் ஓயாது இயங்க வேண்டியிருந்ததால் அது செல்வரின் கண்ணாடிக் கூடத்தைத் தாண்டவில்லை.

மண்ணில்லா வேளாண்மை வேறொரு பாதையில் வளர்ந்தது. கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக் 1929 முதல் சத்துக்கரைசலில் தக்காளி வளர்த்து, 1937இல் அம்முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை வழங்கினார். வியத்தகு விளைச்சல் குறித்த செய்திகள் பரவிய வேளையில், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாண்டும் ஆர்னானும் 1938இல் வெளியிட்ட அறிக்கை நிதானத்தைக் கற்பித்தது. சூழல் ஒத்திருந்தால் நல்ல மண்ணைவிடக் கரைசல் தன்னளவில் மிகுவிளைச்சல் தருவதில்லை என்பது அதன் சாரம். நீரும் உப்பும் ஒளிக்கு ஈடாகா என்னும் பாடம் அதில் பொதிந்திருந்தது.

இந்தியாவில் இம்முறை வேரூன்றியது 1946இல். அப்போதைய வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷோல்ட்டோ டக்ளஸ் சோதனைகளைத் தொடங்கினார். மேலைநாட்டு முறைகளின் விலைமிக்க கருவிகளைத் தவிர்த்து, உள்ளூரில் கிடைக்கும் கல்துண்டுகளையும் எளிய உர உப்புகளையும் கொண்டு பயிர் வளர்க்க வழிகண்டார். ‘வங்காள முறை’ என்று பெயர்பெற்ற இதனை விளக்கும் அவரது நூல் 1951இல் வெளிவந்தது. சாமானியருக்கும் எட்டும் விலையே அம்முறையின் நோக்கம். ஆயினும் அக்கணக்கில் ஒளிக்கெனச் செலவு ஏதும் இல்லை, வெயில் இலவசமாகக் கிடைத்தமையால். அறைக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழாகிறது: உப்புக்கும் தொட்டிக்கும் ஆகும் செலவு சிறிது, ஒளியின் செலவே பெரிது.

அச்செலவைக் கண்ணால் அளக்க முடியாது என்பதே முதல் இடர்ப்பாடு. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நன்கு விளக்கேற்றிய அறையோ 300 லக்ஸை எட்டுவதே அரிது. கண் இரண்டிற்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. செடியால் அது இயலாது. லெட்டூஸ் போன்ற இலைப்பயிருக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 200 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் நாளும் 16 மணி நேரம் தேவை. வெள்ளை எல்.இ.டி. ஒளியில் அது ஏறத்தாழ 14,000 லக்ஸுக்குச் சமம். மனிதருக்குப் போதுமான வெளிச்சத்தில் செடி பட்டினி கிடக்கிறது.

இரண்டாம் இடர்ப்பாடு நிறம் பற்றியது. ஊதா நிறத்தில் ஒளிரும் ‘செடி விளக்கு’களே செடிக்கு உகந்தவை என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக உள்ளது. பிரித்தெடுத்த பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உட்கொள்வது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் முழு இலை, குடுவையிலுள்ள சாறு போன்றதன்று. டெக்சாஸில் கீத் மெக்கிரீ 22 பயிர்வகைகளின் இலைகளை அளந்து 1972இல் வெளியிட்ட முடிவுகள், பச்சை உள்ளிட்ட 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி முழுவதும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதைக் காட்டின.

அவ்வாறாயின் ஊதா விளக்கு எங்கிருந்து வந்தது? 1991இல் விஸ்கான்சினில் ரேமண்ட் பூலாவின் குழு எல்.இ.டி. ஒளியில் லெட்டூஸ் வளர்த்தபோது செறிவான சிவப்பு எல்.இ.டி.யே கைவசம் இருந்தது. நீலத்துக்குக் குழல்விளக்கைத் துணைக்கழைக்க நேர்ந்தது. 1993இல் ஜப்பானின் ஷுஜி நகாமுரா ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதும் அவ்விடத்தை அது நிரப்பியது. சிவப்பும் நீலமும் சேர்ந்த கூட்டணி அன்றைய தொழில்நுட்பத்தின் எல்லையிலிருந்தும் சிக்கனத்திலிருந்தும் பிறந்தது. பின்னர் சந்தை அதையே இயற்கை விதிபோல் விற்றது. அதே நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் ஒளிர்பூச்சு இட்டதால்தான் வீட்டு வெள்ளை விளக்கும் பிறந்தது. ஆதலின் இவ்வெள்ளை விளக்கில் நீலமும் உண்டு, பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு.

இவ்விளக்கை இந்திய வீடுகளுக்குள் மலிவாகக் கொணர்ந்தது வேளாண்மைக் கொள்கையன்று, மின்சிக்கனக் கொள்கை. 2015 சனவரியில் தொடங்கப்பெற்று உஜாலா எனப் பெயர்பெற்ற திட்டத்தின் மொத்தக் கொள்முதலில், 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கேரள மின்வாரியமும் குண்டு பல்புகளை ஒழிக்கும் தன் திட்டத்தின்வழி 9 வாட் எல்.இ.டி. பல்புகளை வீடுகளுக்கு வழங்கியது. செடிகளை எண்ணாது எடுத்த முடிவு செடி வளர்ப்போருக்கும் பயன்பட்டது.

இனிக் கணக்கு. 60 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு தட்டு 0.36 சதுர மீட்டர். அதற்கு நொடிக்கு 72 மைக்ரோமோல் ஒளி சென்று சேர வேண்டும். 900 லூமன் தரும் 9 வாட் பல்பு சுமார் 13 மைக்ரோமோல் உமிழும். பக்கவாட்டில் சிதறுவதைக் கணக்கிட்டால் 8 பல்புகள், அதாவது 72 வாட் வேண்டும். தட்டைச் சுற்றி வெள்ளை அட்டை வைத்தால் சிதறல் குறையும். நாளுக்கு 16 மணி நேரம் எரித்தால் மாதம் ஏறத்தாழ 35 யூனிட் செலவாகும். அதே ஒளியைக் குண்டு பல்பில் பெற ஏறக்குறைய ஐந்து மடங்கு மின்சாரம் தேவை.

தரமான செடி விளக்கு ஒரு ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தருமாயின் 42 வாட்டில் இவ்வேலையை முடிக்கும். மாதம் சுமார் 14 யூனிட் மிச்சமாகும். யூனிட் 6 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய். இரு விளக்குகளின் விலை வேறுபாடு இத்தொகையைப் போல எத்தனை மடங்கோ, அத்தனை ஆண்டுகளில் கூடுதல் முதலீடு திரும்பும். உமிழும் ஒளித்துகள் அளவைக் குறிப்பிடாமல் ஊதா நிறத்தையும் ‘1,000 வாட்டுக்கு நிகர்’ என்ற வாசகத்தையும் மட்டும் தாங்கிவரும் விளக்குக்கு இக்கணக்கைப் போடவே இயலாது. அதனாலேயே அதைத் தவிர்ப்பது நலம். கேரளத்தில் மாத நுகர்வு 250 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைச் சலுகை நீங்கி முழு நுகர்வுக்கும் ஒரே வீதம் விதிக்கப்படுவதால், எல்லையோரம் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 35 யூனிட் சிறிய எண் அன்று. நீரும் மின்சாரமும் அருகருகே உள்ள இடத்தில், அதிலும் ஈரம் மிகுந்த கொச்சியின் பருவமழைக் காலத்தில், மின்கசிவைத் துண்டிக்கும் கருவிக்கான செலவையும் விளக்கின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

சீமென்ஸின் காலத்தில் மின்சாரத்தை உண்டாக்குவதே பெருஞ்செலவு. டக்ளஸுக்குக் கருவியின் விலையே தடை. இன்று விளக்கு மலிந்துவிட்டது. செலவு மாதந்தோறும் வரும் மின்கட்டணத்துள் ஒளிந்துகொண்டது. பெட்டியில் அச்சிட்ட விலையைப் பார்த்து மலிவைத் தீர்மானிப்போர் முந்தைய நூற்றாண்டின் கணக்கைப் போடுகின்றனர். சன்னலோரத்திலோ கண்ணாடி ஓட்டின் கீழோ தட்டை நகர்த்தி வைத்து, குறையும் ஒளியை மட்டும் வெள்ளைப் பல்பால் ஈடுசெய்வோரே ‘வங்காள முறை’யின் உட்பொருளை உணர்ந்தவர்: அருகில் கிடைப்பதை முதலில் பயன்படுத்து, விலைக்கு வாங்குவதைப் பிறகு சேர்.