கடல் கடக்க ஏழாண்டு

ஜப்பானில் பிறந்து ஜப்பானிலேயே விற்று முடிந்துபோன வீடியோ கேம்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பாத்திரங்கள் அனைவரும் ஆங்கிலத்திலேயே சம்பாஷிக்கும்படி செய்யப்பெற்று, ஜப்பானியர் அடியில் ஓடும் எழுத்துக்களைப் படித்தே கதையை அறியும்படி அமைந்து, நெடுங்காலம் ஆங்கிலம் பேசுவோருக்கே கிட்டாமற் போகும் விசித்திர கதி, ‘சின் அண்ட் பனிஷ்மெண்ட்’ என்னும் ரெயில் ஷூட்டருக்கு நேர்ந்தது.

கொனாமியிலிருந்து விலகிய சிலர் 1992-இல் தொடங்கிய டிரெஷர் என்னும் சிறு ஸ்தாபனமும் நிண்டெண்டோவும் சேர்ந்து, நிண்டெண்டோ 64 இயந்திரத்துக்காக இதனை உருவாக்கின. அவ்வியந்திரத்தின் கண்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடிகள் உண்டு. பெரும்பாலான விளையாட்டுக்கள் நடுப்பிடியையும் வலப்பிடியையும் பற்றி ஆடுமாறு அமைந்திருக்க, அதிகம் பொருட்படுத்தப்படாத இடப்பிடியை நடுப்பிடியோடு சேர்த்துப் பற்றினால் என்ன என்னும் யோசனையே இவர்களுடைய விளையாட்டுக்கு வித்தாயிற்று. ரெயில் ஷூட்டரில் வழியை விளையாட்டே வகுத்துவிடும். ஆடுபவர் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. 1985-இல் வந்த ஸேகாவின் ‘ஸ்பேஸ் ஹாரியரில்’ வீரன் இருக்கும் இடத்தைப் பொறுத்தே அவன் குறியும் அமையும். டிரெஷரார் அவ்விரண்டையும் பிரித்து, ஒரு கட்டைவிரலுக்கு வீரனையும் மற்றொரு கட்டைவிரலுக்குக் குறியையும் ஒப்படைத்து, அருகில் நெருங்கும் பகைவரை வெட்டவும் எதிரியின் ஏவுகணையைத் தட்டி எய்தவனிடமே திருப்பவும் வாளையும் கொடுத்தார்கள். கடலின்மேல் போர்க்கப்பல்களின் நடுவே, பறக்கும் உலோகத் தகடொன்றில் நின்று கதாநாயகி ஐரன் போரிடும் கட்டத்தை ஆடிப் பார்த்தவர்கள், அந்தப் பிரிவினையில் எத்தகைய சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது என்பதை ஐயமற உணர்வார்கள். அக்கால இயந்திரங்களில் இதனினும் உயர்ந்த ரெயில் ஷூட்டர் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய விளையாட்டு 2000-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்தது. அடுத்த செப்டம்பரிலேயே நிண்டெண்டோவின் புது இயந்திரமான கேம்கியூப் வர இருந்தபடியால், அந்திமக் காலத்தை அடைந்துவிட்ட பழைய இயந்திரத்துக்காக அமெரிக்காவில் புதியதொரு கார்ட்ரிட்ஜை இறக்குவது லாபகரமாகாது என்று கருதப்பட்டு, அங்கே வெளியிடும் உத்தேசம் கைவிடப்பட்டது. பாஷை தடையாக இருந்திருந்தால் மனம் ஒருவாறு சமாதானம் அடையும். இங்கே தடையாக நின்றது வியாபாரக் கணக்கு ஒன்றே.

ஜப்பானியக் கார்ட்ரிட்ஜையே வரவழைத்து ஆட முயன்ற அமெரிக்க ரசிகர்களுக்கு எதிர்ப்பட்ட, ஜப்பானிய இயந்திரத்துக்கும் அமெரிக்க இயந்திரத்துக்கும் இடையே இருந்த வேலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்நியக் கார்ட்ரிட்ஜை மறுக்கும் பூட்டுச் சில்லு இவ்விரண்டுக்கும் பொதுவானதே. கார்ட்ரிட்ஜின் பின்புறத்து வடிவம் மாத்திரம் வேறுபட்டது. இயந்திரத்தின் வாயிலில் இருந்த சிறு பிளாஸ்டிக் நீட்சிகள் இரண்டே அந்நியக் கார்ட்ரிட்ஜை உள்ளே புகவொட்டாமல் தடுத்தன. ஆகவே இறக்குமதிக் கடைகளில் அதிக விலை கொடுத்து வாங்கிய ரசிகர்கள், இயந்திரத்தைத் திறந்து அந்த நீட்சிகளை அகற்றியோ, நடுவே ஓர் அடாப்டரைச் செருகியோ ஆடலானார்கள். பூட்டுச் சில்லும் தொலைக்காட்சி முறையும் வேறாக இருந்த ஐரோப்பாவில் இது இவ்வளவு எளிதாக இல்லை. மேலை நாடுகளில் வெளியிடப்படாத ஒரு விளையாட்டின் கீர்த்தி, இவ்வாறு சிரமப்பட்டு ஆடிய சிலருடைய வாய்மொழியாலேயே பரவிற்று என்பதை நினைக்குந்தோறும் அவர்கள்பால் எனக்கு நன்றி மிகுகிறது.

2004-இல் ஐக்யூ பிளேயர் என்னும் இயந்திரத்தின் மூலம் இவ்விளையாட்டு சீனாவை அடைந்தது. நிண்டெண்டோவின் வீ இயந்திரத்தில் பழைய விளையாட்டுக்களை விற்கும் வர்ச்சுவல் கன்ஸோல் வந்தபின், 2007 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பாவுக்கும், அக்டோபர் முதல் தேதியில் வட அமெரிக்காவுக்கும், மெனுக்கள் ஆங்கிலமாக்கப்பெற்று டவுன்லோடாகப் போய்ச் சேர்ந்தது. பஞ்சம் தீர்க்க மனிதர் உற்பத்தி செய்த பிராணிகளே மனிதர்மேல் பாய, டோக்கியோ நகரம் அல்லற்படும் இக்கதை நிகழ்வதும் அதே 2007-ஆம் ஆண்டில்தான்! எதிர்காலமென்று எழுதப்பட்ட ஆண்டு நிகழ்காலமான பிறகே மேலை நாட்டார் அதனைக் கண்டனர்.

அங்கே கிடைத்த வரவேற்பு நிண்டெண்டோவுக்கு உற்சாகமளிக்க, டிரெஷரார் இரண்டாம் பாகத்தை இயற்றினர். அது 2009 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைந்தது. 2021 அக்டோபரில் நிண்டெண்டோ 64 விளையாட்டுக்கள் ஸ்விட்ச் இயந்திரத்துக்கு வந்தபோது, ‘சூப்பர் மரியோ 64’ முதலிய பிரசித்தமானவற்றோடு முதல் தொகுதியிலேயே இதற்கும் ஸ்தானம் அளிக்கப்பட்டது.