மொஸ்பார்க்கிலிருந்து லூல்கந்துர வரை

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே புதியவர் ஒருவரிடம் பெரியோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, அவர் எந்தக் குடியினர் என்பது. அதற்கு விடை தந்தையின் பெயரில் இல்லை. தாயின் வயிற்றுவாரில் இருக்கின்றது. இம்மரபிலே பிறந்து, வாழைச்சேனையில் வாழும் யான், மேனாட்டுக் குடும்ப வரலாறொன்றை ஆராயப் புகுந்தபோது, அங்கும் தாய்வழியே வழிகாட்டி நின்றமை கண்டு வியப்புற்றேன். அவ்வரலாறு, இலங்கையில் வாணிக முறையிலான தேயிலைச் செய்கைக்கு அடிகோலிய ஜேம்ஸ் டெயிலரின் குடும்பத்துடையதாகும்.

டெயிலர் 1835ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள், ஸ்கொத்லாந்தின் வடகிழக்கிலுள்ள கின்கார்டின்சயர்ப் பகுதியில், ஓக்கன்பிளே என்னும் சிற்றூரையடுத்த மொஸ்பார்க் குடிசையிற் பிறந்தார். தந்தை மைக்கேல் டெயிலர் வண்டிச் சில்லுச் செய்யும் தச்சர். உழவரை நம்பி வாழ்ந்தவர். தாய் மார்கரெட் மொயர். பிள்ளைகள் அறுவருள் மூத்தவரான டெயிலர், ஒன்பதாம் அகவையிலே தாயை இழந்தார். பின்வந்த சிற்றன்னையோடு அவருக்கு ஒத்துவரவில்லை. பதினான்காம் அகவையிலே ஊர்ப் பாடசாலையில் மாணவ ஆசிரியராகவும் அமர்ந்தார் என்பது, ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு உவப்பளிக்கும் செய்தி.

அக்காலத்தே அந்நாட்டு வேளாண்மை பெருமாற்றம் அடைந்துகொண்டிருந்தது. சிறு நிலங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டுப் பெரும்பண்ணைகளாயின. குத்தகை நிலமோ ஒரு மகனுக்கே போதாது. ஏனையோர் கைத்தொழிலையோ கடலையோ நாடவேண்டியதாயிற்று. வறியோர் பிள்ளைகளும் எழுத்தும் கணக்கும் கற்றிருந்தமையால், தூர நாடுகளின் தோட்ட முதலாளிகள் அவர்களை விரும்பித் தேடினர். இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் அவ்வடகிழக்குப் பகுதியார் பலர் துரைமாராயிருந்தமை இதனாலேயே.

எனினும், பொதுக் காரணம் மட்டும் ஒருவனைக் கப்பலேற்றிவிடாது. டெயிலரை இங்கு அழைத்தவர் இலங்கைத் தோட்டங்களில் மேலாளராயிருந்த பீற்றர் மொயர் என்பவர். அவர் தாய்வழி உறவினர்! உடன் வந்த ஹென்றி ஸ்டீவன் என்பவரும் உறவினரே. ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம் பேசி, 1851ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டனில் கப்பலேறி, 1852 பெப்ருவரியில் கொழும்பை அடைந்தனர். தந்தையின் பெயரை மட்டும் பற்றி இவ்வரலாற்றைத் தேடுபவர், மொயர் குடும்பத்தைக் காணாமலே போய்விடுவர்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்ததும், அவ்விடத்தைத் தேயிலை கவர்ந்ததும் பலரும் அறிந்தவை. அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்கொத்லாந்துத் தேசிய நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. அந்நாட்டுத் தேவாலயங்கள் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதிவைத்தன. 1855 முதல் அரசே பதிவை ஏற்றது. ஆகவே ஒரு தச்சன் மகனின் கால்வழியையும் நாம் எளிதிற் காண்கின்றோம்.

அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் நிலை யாது? வழியில் இறந்தோர் பலர். கங்காணியின் கூட்டத்துள் ஒருவராக எண்ணப்பட்டாரேயன்றி, இன்னார் மகன் இன்னார் எனப் பலர் எழுதப்படவில்லை. அவரைக் குறித்த ஏடு பெரும்பாலும் அவர் கடனைச் சொல்லும் ‘துண்டு’ ஒன்றே. அம்முறையும் 1921இலேயே ஒழிக்கப்பட்டது.

இவ்வாறு எழுதப்படாத மக்களிடமே பின்னர் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தோர் என்றோ காட்டுமாறு கோரிற்று. பிறப்பத்தாட்சிப் பத்திரம் எத்தனை லயங்களில் இருந்திருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. மூதாதையரைத் தேடுதல் ஒருவர்க்குப் பொழுதுபோக்கு, மற்றொருவர்க்கு வாழ்விடம்.

டெயிலர் 1892 மே 2ஆம் நாள் லூல்கந்துரத்தில் இறந்தார். தோட்டத்தார் இருபத்துநால்வர் முறைமாற்றிச் சுமந்து, அவருடலைக் கண்டிக்குக் கொண்டுசென்றனர் என்பர். மகியாவை இடுகாட்டில் அவர் கல்லறை உண்டு. சுமந்தோரின் பெயர்கள் அக்கல்லில் இல்லை.

1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தினின்று பெயர்ந்தோர் சிலர் நம் மாவட்டத்திலும் குடியேறினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர். வரலாறு பயிலும் அம்மாணவர், சட்டம் கேட்ட தந்தைவழியோடு நின்றுவிடாது, தாயின் தாய் எவ்வூரிலிருந்து, எந்தக் கங்காணியோடு வந்தாள் எனவும் வினவி எழுதிவைத்தல் வேண்டும். எண்பதைக் கடந்த பாட்டிமார் சிலர் இன்னும் திண்ணைகளில் இருக்கின்றனர்.