ஐரிஷ் புனைகதையில் வெறுமையுணர்வு: சில வரலாற்றுக் குறிப்புகள்

சாமுவேல் பெக்கற்றின் நாவல்களிற் காணப்படும் வெறுமையை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இருப்பியல்வாதத்தின் வெளிப்பாடாக விளக்குவது விமர்சகரிடையே நெடுங்கால வழக்கமாகும். இவ்விளக்கம் தவறன்று, ஆனால் முழுமையானதன்று. ஐரிஷ் எழுத்தாளருக்கு வெறுமை தத்துவக் கருத்தாவதற்கு முன்னரே கண்முன் கிடந்த நிலமாக இருந்தது.

1841இல் அயர்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ 82 இலட்சமாகும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதையடுத்து மூண்ட பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதேயளவினர் கப்பலேறினர். பஞ்சம் தணிந்த பின்னரும் வெளியேற்றம் ஓயவில்லை. 1911இல் எஞ்சியோர் 44 இலட்சத்தினர் மட்டுமே. பெரிதும் அழிந்தவை ஐரிஷ் மொழி வழங்கிய மேற்குப் பகுதிகளாதலின் மக்களோடு மொழியும் தேய்ந்தது.

யேம்ஸ் ஜொய்ஸின் 'டப்ளின் நகரத்தார்' (1914) தொகுதியில் எவலின் என்னும் பெண், காதலனுடன் கப்பலேறத் துறைமுகம்வரை சென்று, இறுதிக் கணத்திற் கம்பியைப் பற்றியவாறு உறைந்து நின்றுவிடுகிறாள். போனோர் விட்ட வெற்றிடம் இருப்போரையும் பீடித்திருக்கிறது.

இதனினும் நுட்பமானது, 1916இல் நூலாக வெளிவந்த அவரது முதல் நாவலில் வரும் ஒரு காட்சி. விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் புனலுக்கு மாணவனான ஸ்டீபன் கூறும் சொல்லை, ஆங்கிலேயரான பீடாதிபதி கேட்டறியாதவராய் வியக்கிறார். தான் பேசும் மொழி தனக்கு முன் அவருக்கே உரியதென ஸ்டீபன் மனம் குமைகிறான். பின்னர் தேடிப் பார்த்தால், அதுவும் ஆங்கிலச் சொல்லே! நகைப்புக்கிடமான இச்சிறு சம்பவத்தில் ஒரு நவீன பிரக்ஞையின் பிறப்பைக் காண்கிறோம். முன்னோர் மொழி கைநழுவிற்று. இரவல் மொழியோ, திறம்படக் கையாண்டபோதும் சொந்தமாகவில்லை.

பெக்கற் அந்த இரவலையும் உதறி, 1951இல் வெளியான 'மொலோய்' நாவலைப் பிரெஞ்சில் எழுதினார். அவர் வசதிபடைத்த புரட்டஸ்தாந்துக் குடும்பத்தவர். ஆகவே அவரது வெறுமையைப் பஞ்சத்தோடு நேராக முடிச்சிடல் பொருந்தாது. எனினும் சொல்லை நம்பாமலும் சொல்லை நிறுத்த இயலாமலும் தவிக்கும் அவரது கதைசொல்லி, ஸ்டீபனின் உறவினனே என்பது என் துணிபு.

இவ்விருவரையும் போலன்றி, ஐரிஷ் மொழியிலேயே நிலைத்து நின்றவர் மார்ட்டீன் ஓ கைன். 1949இல் வெளிவந்த அவரது 'இடுகாட்டு மண்' நாவலிற் பேசுவோரனைவரும் கொனமாராவில் புதையுண்ட பிணங்கள். ஆனால் அங்கே மௌனமில்லை. ஒரு பவுண் பெறுமதியான இடத்தில் அடக்கம் செய்யாமற் பதினைந்து ஷில்லிங் இடத்திற் கிடத்திவிட்டார்களோ என்று கதைத்தலைவி மண்ணுக்குள்ளிருந்து கொதிக்கிறாள். அயற்குழியினரோ ஊர்வம்பை விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனர்.