ஒளிப்படக் கலையும் வரலாற்றுச் சான்றும்

ஒளிப்படம் கலையோ, கருவி தரும் வெறும் படியோ என்னும் வினா நெடுநாளாக நிலவுவது. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் எனத் தமிழில் வழங்கும் பெயர்களுள் எதுவும் எடுப்போன் கருத்தைச் சுட்டவில்லை. அக்கருத்துக்கு அதில் இடமுண்டா என்பதைத் தமிழகச் சான்றொன்றால் ஈண்டு ஆராய்வோம்.

கும்பினிப் படையினரான லின்னேயஸ் டிரைப் என்பார் 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்றார். தஞ்சை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை ஆகிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாயின. பதிவு செய்தலே அரசின் நோக்கம். அந்நோக்கம் நன்கு நிறைவேறியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்திணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். திருமலை நாயக்கர் அரண்மனை நேப்பியர் பிரபு ஆட்சியில் (1866-1872) புதுப்பிக்கப்பெறுமுன் இருந்த நிலையையும் அவர் படங்களிற் காணலாம்.

ஆயினும் இவை உள்ளதை உள்ளவாறே காட்டுவன அல்ல. அக்கால எதிர்ப்படத் தாள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றமையால் வானம் வெறும் வெண்மையாய் அமைந்தது. டிரைப் எதிர்ப்படத்தின்மேல் வண்ணந்தீட்டி முகில்களைச் சேர்த்தார். ஒளி நெடுநேரம் பாய வேண்டியிருந்தமையின், நடமாடும் மாந்தர் படத்திற் பதிந்திலர். இப்படங்களின் வெறுமை கண்டு, அக்காலத்தே கோயில்கள் ஆளின்றிக் கிடந்தன எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் பெரிதும் பிழைபடுவர்.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்ததே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. அவ்விலக்கணம் ஒளிப்படத்திற்கும் பொருந்துமெனலாம். மண்டபமும் தூணும் உலகியல். டிரைப் நின்ற இடமும், தேர்ந்த ஒளியும், தீட்டிய முகிலும் நாடகவியல். முன்னது அரசு வேண்டிய பயன். பின்னது கலைஞன் தந்த பொருள்.

1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். பணி நின்றது, படங்கள் நிலைத்தன. புனைவு உண்டென்பதற்காகச் சங்கச் செய்யுளை வரலாற்றுச் சான்றினின்று நாம் விலக்குவதில்லை. புனைவறிந்து பொருள் கொள்கிறோம். ஒளிப்படத்தையும் அங்ஙனமே கற்றல் வேண்டும். அதனைக் கலையென உணர்ந்தவரே சான்றாகவும் பிழையின்றி ஆள வல்லவராவர்.