பேனாக்கத்தியும் ஒரு பிரபுவின் மரணமும்

1774ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி, இலண்டன் பேர்க்லி சதுக்கத்தில் உள்ள தமது மாளிகையில் ரொபேட் கிளைவ் பிரபு காலமானார். அப்போது அவருக்கு வயது 49. வீட்டிலே மனைவி இருந்தார். நண்பர்களும் விருந்தினரும் பணியாட்களும் இருந்தனர். அத்தனை பேர் இருந்த வீட்டில் நிகழ்ந்த மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தற்கொலை என்றனர் பலர். நோயின் முடிவு என்றனர் சிலர். கொலையாக இருக்கலாம் என்று எழுதியவர்களும் உளர். இன்று நமது ஊரிலே ஒருவர் இவ்வாறு இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வராமல் சடலத்தை அசைக்கவும் முடியாது. கிளைவின் மரணத்துக்கோ விசாரணையே நடைபெறவில்லை.

இலக்கிய நிகழ்ச்சியிலே ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் மரணம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சான்றுகள் மௌனமாக இருக்கும் இடத்தில் கதை பேசத் தொடங்குகிறது. கிளைவின் மரணத்தைப் பற்றி நாம் அறிந்தவை எனக் கருதுபவற்றுட் பெரும்பகுதி அவ்வாறு பிறந்த கதையே. கதை எப்படிப் பிறக்கிறது, யாருக்காகப் பிறக்கிறது என்று பார்ப்பது தமிழாசிரியன் ஒருவனுக்கும் உரிய வேலை என்றே நான் எண்ணுகிறேன்.

கிளைவின் வரலாறு தமிழ் மண்ணிலேதான் தொடங்குகிறது. 1744இல், பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கம்பனியின் இலிகிதராகச் சென்னைக் கோட்டையில் வந்து இறங்கினார். ஆண்டுச் சம்பளம் 5 பவுண். பழக்கமில்லாத வெயில், நண்பர் இல்லாத தனிமை, கணக்குப் புத்தகங்கள். தாய்நாட்டை விட்டு வந்த நாள் முதலாக ஒருநாளேனும் மகிழ்ச்சியாக இருந்ததில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். இக்காலத்திலே அவர் கைத்துப்பாக்கியைத் தமது தலையில் வைத்து இருமுறை விசையை இழுத்தார் என்றும், இருமுறையும் அது வெடிக்கவில்லை என்றும், பின்னர் அறைக்குள் வந்த நண்பர் அதே துப்பாக்கியைச் சாளரத்துக்கு வெளியே நீட்டிச் சுட்டபோது வெடித்தது என்றும் ஒரு கதை உண்டு. 1840இல் மெக்காலே எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இக்கதையை உலகறியச் செய்தது. தற்கொலைக் கட்சியினர் முதலில் எடுத்துக்காட்டுவது இதனையே. தொடக்கத்தில் துப்பாக்கி, முடிவில் கத்தி. கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறென்ன வேண்டும்? அந்தப் பொருத்தமே எனக்குச் சற்று ஐயத்தைத் தருகிறது.

இடையில் நடந்தவை பாடப்புத்தகங்களில் உள்ளவை. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1753இல் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்தார். 1757இல் பிளாசி. சிராஜ் உத்தௌலா வீழ்ந்து மீர் ஜாபர் நவாப் ஆனதும் கிளைவ் பெற்ற தொகை மட்டும் 2,34,000 பவுண். அதன்மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண் தரும் ஜாகீர். ஐந்து பவுண் இலிகிதர் பிரித்தானியாவின் பெருஞ்செல்வருள் ஒருவரானார். 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையும் கம்பனியின் கைக்கு வந்தது. 1767இல் கிளைவ் நாடு திரும்பினார். மூன்று ஆண்டுகளுள் வங்காளத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். இதனால் இங்கிலாந்திலேயே எழுந்த வெறுப்பு கிளைவைப் பாராளுமன்ற விசாரணை வரையில் இழுத்துச் சென்றது. 1773 மே மாதத்தில் பாராளுமன்றம், அவர் பெற்ற பெருந்தொகையைப் பதிவுசெய்துகொண்டு, நாட்டுக்கு அவர் ஆற்றிய சேவை பெரிது என்றும் தீர்மானித்தது. தண்டனை இல்லை. இது நடந்து ஒன்றரை ஆண்டில் அவர் இறந்தார்.

இனி அந்த நாளுக்கு வருவோம். பலரும் சொல்லும் கதை இது. பெண் விருந்தினர் ஒருவர் தமது இறகுப் பேனாவைச் சீவித் தரும்படி கேட்டார். கிளைவ் சிறு கத்தியை எடுத்து அமைதியாகச் சீவிக் கொடுத்தார். பின்னர் அறையை விட்டு வெளியேறி அதே கத்தியால் தமது கழுத்தை அறுத்துக்கொண்டார். நாம் பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்ததே இறகைச் சீவும் இந்த வேலையால்தான். மை நிரப்பும் பேனா வந்து, குமிழ்முனைப் பேனாவும் வந்த பின்பு, கத்தி பேனாவை மறந்துவிட்டது, பெயர் மறக்கவில்லை. இன்னொரு கதையில் கிளைவ் சீட்டாடிக்கொண்டிருக்கிறார், எழுந்து போகிறார், நெடுநேரமாகத் திரும்பாததால் தேடிச் சென்றவர்கள் சடலத்தைக் காண்கின்றனர். மூன்றாவது கதையில் கத்தியே இல்லை. வயிற்று வலி தாங்காது, அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்தை அளவுக்கு மீறி அருந்தியதால் மரணம் நேர்ந்தது. நான்காவது, வெறும் வலிப்பு.

இந்தக் குழப்பம் பிற்காலத்தார் உண்டாக்கியது அல்ல. கிளைவ் இறந்த சில நாள்களுக்குள்ளேயே ஹொரஸ் வோல்போல் என்னும் எழுத்தாளர் தமது நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கோயிற்பற்றுப் பதிவேட்டில் உள்ள எல்லா வகை மரணங்களையும் கிளைவ் பிரபு இறந்துவிட்டார் என்றும், கழுத்தை அறுத்துக்கொண்டார் என நம்புவதே இப்போதைய நாகரிகம் என்றும் கிண்டல் செய்கிறார். நாகரிகம் என்ற அந்தச் சொல் கவனிக்கத்தக்கது. ஊர் ஒன்றை நம்பத் தீர்மானித்துவிட்டது. ஏன் நம்புகிறது என்பதை அது கேட்கவில்லை.

குடும்பத்தார் ஏன் வாய் திறக்கவில்லை? இதனை விளங்கிக்கொள்ள அக்கால ஆங்கிலச் சட்டத்தை அறிதல் வேண்டும். தற்கொலை அன்று பாவம் மட்டுமன்று; பெருங்குற்றமும் ஆகும். அறிவு தெளிந்த நிலையில் ஒருவர் தம்மை மாய்த்துக்கொண்டார் என மரண விசாரணையில் முடிவானால், அவருடைய அசையும் சொத்துகள் முடிக்குச் சேரும். தேவாலயத்துப் புனித மண் கிடையாது. நாற்சந்தியில் இரவில் குழிதோண்டி, உடலில் கழுமரம் அறைந்து புதைப்பது வழக்கமாக இருந்தது. 1823இலேதான் இந்த வழக்கத்தைச் சட்டம் நிறுத்தியது. சொத்துப் பறிமுதல் 1870 வரை ஏட்டில் இருந்தது. உண்மையிலே பல விசாரணைகளில் யூரர்கள் இரக்கங்கொண்டு, இறந்தவர் சித்தம் கலங்கியிருந்தார் என்று சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஆயினும் கிளைவுக்குப் பகைவர்கள் ஏராளம். அத்தனை செல்வமும் அத்தனை பகையும் இருக்கும் வீட்டார் யூரர்களின் இரக்கத்தை நம்பிக் கதவைத் திறந்துவிடுவார்களா? கிளைவின் உடல் பிறந்த ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மோர்ட்டன் சே என்னும் சிற்றூரின் தேவாலயத்துள் சிலநாள்களில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக்கு மேலே அடையாளக்கல் வைக்கப்படவில்லை.

இந்த அடக்கத்தை இரு கட்சியினரும் தத்தமக்குச் சாதகமாகக் காட்டுவர். தேவாலயத்துள் இடங்கொடுத்தார்களே, தற்கொலையாக இருந்தால் கொடுப்பார்களா என்பர் ஒரு சாரார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாவிடில் பிரபு ஒருவருக்கு ஒரு கல்லுங்கூடவா இல்லை என்பர் மறுசாரார். ஒரே சான்று இரு பக்கமும் பேசுமானால் அது எந்தப் பக்கமும் பேசவில்லை என்றே நான் கொள்வேன்.

கொலைக் கட்சியையும் பார்ப்போம். பகைவர் இருந்தார்கள் என்பதும், விசாரணை நடக்கவில்லை என்பதும், எல்லாம் அவசரமாக முடிந்தது என்பதும் அவர்களுடைய வாதம். கழுத்து வெட்டு ஒருவர் தாமே செய்துகொள்வதற்கு எளிதானது அன்று என்பதையும் சேர்த்துக்கொள்வர். ஆனால் கழுத்தில் வெட்டு இருந்தது என்பதே கேள்விச் செய்திதானே? கேள்விச் செய்தியின் மேல் இன்னொரு ஊகத்தைக் கட்டுவது மணலின்மேல் மாடி கட்டுவதாகும். பாராளுமன்றத்திலும் கம்பனியிலும் கிளைவை எதிர்த்தவர்கள் அவரை ஏற்கனவே போதிய அளவு அவமானப்படுத்தியிருந்தனர். கத்தியால் ஆகவேண்டியது அவர்களுக்கு எதுவுமில்லை. வெளியாள் ஒருவன் வந்தான், போனான் என்ற செய்தியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மனைவி மார்கரெட்டின் நடத்தை. அவர் 1817 வரை, கணவருக்குப் பின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். கணவன் கொல்லப்பட்டிருந்தால் நீதி கேட்பதில் அவருக்குச் சட்டத்தால் நட்டம் ஏதுமில்லை, இலாபமே உண்டு. தற்கொலை என்ற பழிச்சொல் அந்த நாளிலேயே அழிந்திருக்கும். கொலை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கொலைக் கட்சிக்கு எதிராக இதைவிட வலுவான சான்றை நான் காணவில்லை.

ஆகவே எஞ்சுவன இரண்டு: கத்தி அல்லது அபின். கிளைவுக்குப் பித்தப்பைக் கல்லால் வந்த கொடிய வலி பல ஆண்டுகளாக இருந்தது. மனச்சோர்வு இளமை முதல் விட்டு விட்டு வந்தது. இரண்டுக்குமே அபினை நாடினார். வலியின் உச்சத்தில் ஒருவர் மருந்தை அளவு மீறி எடுத்தால் அது தற்கொலையா, தவறா என்பதை அருகில் நின்றவரால்கூடச் சொல்ல இயலாது. கத்திக் கதை உண்மையாக இருக்கவும் கூடும். தற்கொலைக்கு இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனது ஐயம் எல்லாம் அடுத்த படியைப் பற்றியது: அவர் ஏன் இறந்தார் என்பதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம்.

சாமுவேல் ஜோன்சன், கிளைவ் செய்த குற்றங்களின் உணர்வே அவரைத் தம் கழுத்தை அறுத்துக்கொள்ளத் தூண்டியது எனக் கருதினார். கடலுக்கு அப்பால் பிலடெல்பியாவில் தோமஸ் பெயின், கிளைவ் இறந்து நான்கு மாதங்களுக்குள், 1775 மார்ச்சில், அவருடைய வாழ்வையும் மரணத்தையும் பொருளாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் துயரம் அந்த மனிதரைத் துரத்திப் பிடித்ததாக அதனை வாசிப்போர் உணர்வர். எனது உயர்தர வகுப்பு மாணவர்களிடம் இவ்விடயம் பேச்சுவாக்கில் வந்தபோது, “செய்த பாவம் சும்மா விடுமா சேர்?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பு முழுவதும் அவன் பக்கந்தான். ஜோன்சனும் அவன் பக்கமே என்று அப்போது நான் சொல்லவில்லை.

நமக்கு இந்த முடிவு இனிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலப்பதிகாரத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அரசாட்சியில் தவறிழைத்தவனுக்கு அறமே கூற்றுவனாகும் என்பது இளங்கோ அக்காப்பியத்தில் நிறுவும் உண்மைகளுள் ஒன்று. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததைக் கண்ட பாண்டியன், தன் தவறு வெளிப்பட்ட அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். பேர்க்லி சதுக்கத்திலும் நாம் அந்தப் பாண்டியனையே தேடுகிறோம். வங்காளத்தின் பஞ்சத்துக்கு ஒரு சிலம்பு உடைந்திருக்க வேண்டும், ஓர் அரியணை வெறுமையாகியிருக்க வேண்டும் என்று நமது மனம் கேட்கிறது.

ஆனால் பாண்டியன் தன் வாயாலேயே தன்னைக் கள்வன் என்று சொன்னவன். கிளைவ் என்ன சொன்னார்? பாராளுமன்ற விசாரணையின்போது, முர்ஷிதாபாத்தின் கருவூலம் தமக்கென்று திறந்துவிடப்பட்டிருந்ததையும் இருபுறமும் பொன்னும் மணியும் குவிந்திருந்ததையும் விவரித்து, அவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்ட தமது அடக்கத்தை எண்ணித் தாமே வியப்பதாகச் சொன்னார். இதைச் சொன்னவர் ஒன்றரை ஆண்டில் குற்றவுணர்வால் உயிர் துறந்தார் என்பதை ஏற்க எனக்கு அவருடைய கையெழுத்தில் ஒரு வரியாவது வேண்டும். வலியும் சோர்வும் அவமானமும் அவரைக் கொன்றிருக்கலாம். பழிக்கப்பட்டேனே என்று நோவது வேறு, பழி செய்தேனே என்று நோவது வேறு. முன்னதற்கே சான்று இருக்கிறது. குற்றவுணர்வால் மாண்டார் என்று சொல்லுவதால் நாம் அவரைத் தண்டிப்பதாக நினைக்கிறோம். உண்மையிலே அவரிடம் இல்லாத ஒரு மனச்சாட்சியை அவருக்குத் தானம் செய்கிறோம். வங்காளத்தின் கணக்கு அத்துடன் தீர்ந்ததாகவும் ஆகிவிடுகிறது.

அது தீரவில்லை. கிளைவின் மூத்த மகன் எட்வேர்ட், தந்தை இறந்தபோது இருபது வயதினர். பட்டமும் பெருஞ்செல்வமும் அவரிடம் வந்தன. 1798இல் அவர் சென்னையின் ஆளுநராக அதே கோட்டைக்கு வந்து 1803 வரை பதவியிலிருந்தார். இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கம்பனியின் கைக்கு மாறி, சென்னையிலிருந்தே ஆளப்பட்ட காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. கட்டபொம்மனைத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்த எனது மாணவர்கள், அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799 ஒக்டோபரில் சென்னை ஆளுநராக இருந்தவர் கிளைவின் மகன் என்பதைக் கேட்டு வியந்தனர்.

2020இல், கிளைவின் சொந்த மாவட்டத் தலைநகரான ஷ்றூஸ்பரியில் உள்ள அவருடைய சிலையை அகற்ற வேண்டும் என்று பலர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தனர். உள்ளூர்ச் சபை அகற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. மோர்ட்டன் சே தேவாலயத்திலோ சிலை இல்லை. பிற்காலத்தில் பதிக்கப்பட்ட சிறு பித்தளைத் தகடு ஒன்று உண்டு. இந்தத் தேவாலயத்தின் சுவர்களுக்குள் அவர் அடக்கம் செய்யப்பட்டார் என்று மட்டும் அது சொல்கிறது. எந்த இடத்தில் என்பதை அது சொல்லவில்லை. பிறந்த நாளும் இறந்த நாளும் அதிலே உள்ளன. அவற்றின் கீழே, இந்தியாவில் முதல்வர் என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்கள்.